ஐந்து லெமாலுவும் ஒரே கோப்பும்

எங்கள் கிளினிக் கணினியைப் பொறுத்தவரை என் அண்ணனும் அவருடைய நான்கு பங்காளிகளும் ஒரே ஆள். ஜனவரியில் ஐவருக்கும் ஒரே நாளில் லெமாலு என்ற தலைவர் பட்டம் கிடைத்தது. சமோவாவில் பட்டம் வந்தபின் பழைய பெயரைச் சொன்னால் அவமரியாதை. நோயாளிகளின் பதிவைப் பார்த்துக்கொள்பவள் நான். ஐவருக்கும் பெயரை மாற்றினேன். டேட்டாபேஸோ பதினெட்டு வருடப் பழசு. பெயரும் ஊரும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று அதுவே முடிவு கட்டிவிடும். ஐந்து கோப்பும் ஒன்றாகிவிட்டன. பிரிக்க வழியில்லை.

அந்தக் கோப்பைத் திறந்தால் எனக்குத் தலை சுற்றும். லெமாலுவின் எடை ஒரு வாரம் எழுபது, மறுவாரம் நூற்றிருபது. ஏப்ரலில் பிடுங்கிய பல்லையே மே மாதமும் பிடுங்கியிருந்தார்கள்.

புதிய டேட்டாபேஸ் கேட்டு நிர்வாகி டாக்டர் ஃபொனோட்டிக்கு நான்கு கடிதம் எழுதினேன். ஒவ்வொரு முறையும், "அருமையா எழுதியிருக்கே பெலெனீசா" என்று சொல்லி மேசைக்குள் வைத்தார். சரி என்கிறாரா, மாட்டேன் என்கிறாரா? எங்கள் பக்கம் முகத்துக்கு நேரே மறுக்கிற வழக்கம் கிடையாது. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

கிளினிக்கின் ஜூன் மாதக் கூட்டத்துக்கு ஐந்து லெமாலுவையும் கூட்டிக்கொண்டு போனேன். பட்டத்துக்குரிய வாழ்த்துரையை டாக்டர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார், அதே வார்த்தைகளை ஐந்து முறை. டீ ஆறிப்போனது.

பிறகு கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். "இதோ பாரும்மா. லெமாலு. சின்ன வயசுல வாதக் காய்ச்சல் வந்து இதயம் பாதிச்சிருக்கு. மாசாமாசம் பெனிசிலின் ஊசி. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஒண்ணுகூடத் தவறல. நல்லாத்தானே ஓடுது?"

அது என் அண்ணனின் நோய். அவர் தொண்டையைச் செருமினார். "ஜனவரிக்கப்புறம் எனக்கு ஊசியே போடலையே."

"போட்டாச்சுன்னு இருக்கே!"

"நர்ஸம்மாவும் அதான் சொன்னாங்க. நாலு தடவை வந்தேன். பட்டம் வாங்கினவன் ஒரு ஊசிக்காக அவங்களோட மல்லுக்கு நிக்கிறதா?"

கடைசி நாற்காலியில் பங்காளி பெசமினோ நெளிந்தார். பழைய பெயரைச் சொல்கிறேன், மன்னிக்கவும். வேறு எப்படித்தான் அடையாளம் சொல்வது? "அது... காது வலின்னு வந்தேன். லெமாலு, ஊசின்னு கூப்பிட்டாங்க. திரும்புங்கன்னாங்க, திரும்பினேன்."

"நாலு மாசமுமா?"

"தேதி எழுதிக் குடுத்தாங்களே! மதிச்சுக் கூப்பிடுறவங்ககிட்ட எப்படி மாட்டேங்கிறது?"

"காது வலி?"

"அது அப்படியேதான் இருக்கு."

அறையே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். முதலில் நிறுத்தியவர் டாக்டர். எழுந்து வந்து அண்ணனின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"படி ஏறினா மூச்சு வாங்குதா, தலைவரே?"

"கொஞ்சம். வயசாகுதுன்னு நெனச்சேன்."

அண்ணனுக்கு முப்பத்து நான்கு வயது.

டாக்டர் என் நான்கு கடிதங்களையும் எடுத்து, நான்கிலும் கையெழுத்துப் போட்டார். ஒன்றே போதும். பிறகு ஊசி போட அண்ணனை அவரே அழைத்துப்போனார்.

"ஜெயிச்சுட்டியே தங்கச்சி," என்றார் அண்ணன், வாசலில் திரும்பி.

எதில் ஜெயித்தேன்? நானும் அண்ணனும் ஒரே வீட்டில், ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். 'போட்டாச்சு' என்ற வரியை மாதாமாதம் திரையில் பார்த்து நிம்மதியாக இருந்தேன். அவரை ஒரு தடவை கேட்டிருக்கலாம்.