தீபம் தெரியும் ரூம்

கார்த்திகை பிறந்தால் திருவண்ணாமலைக்காரர்களுக்கு வீடு சுருங்க ஆரம்பித்துவிடும். லாட்ஜ்களில் இடமெல்லாம் ஆடி மாதமே முடிந்திருக்கும். அதற்கப்புறம் வருகிறவர்களுக்கு ஊரே லாட்ஜ்தான். கூடத்தைக் கொடுப்பார்கள், மொட்டை மாடியைக் கொடுப்பார்கள், ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தைக் கழுவிப் பாய் விரித்து அதையும் கொடுப்பார்கள். வீட்டுக்காரர்கள் சமையலறையில் கால் மடக்கிப் படுத்துக்கொண்டு, "ரெண்டு நாள்தானே" என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் செய்வதுதான். ஜோதியம்மாளும் அப்படித்தான் நினைத்தாள்.

அவள் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கீழே அவள் புருஷன் சகாதேவன் வருஷக்கணக்காக மெஸ் நடத்தினார். 2003 சித்திரையில், சாம்பார் வாளியோடு பந்தியில் போய்க்கொண்டிருந்தவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வலது கையும் காலும் போயிற்று, பேச்சு குழறிற்று. மெஸ்ஸை மூடி, அந்த இடத்தை வளவன் என்பவனுக்கு ஜெராக்ஸ் கடை வைக்க வாடகைக்கு விட்டார்கள். இப்போது அந்த வாடகைதான் வருமானம். ஒரே மகள் மதிவதனி கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளும் எத்தனை நாள்தான் வந்து வந்து பார்ப்பாள்?

மாடியில் இரண்டே அறை. மேற்கே ஜன்னல் வைத்த முன்னறையில் சகாதேவனின் கட்டில். படுத்தபடியே அவருக்கு மலை உச்சி வரைக்கும் தெரியும். பின்னறையில் மெஸ்ஸின் அண்டா, குண்டான், மடக்கு மேஜை எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்கள். அதற்கு ஜன்னல் கிடையாது.

முருகையன் அந்த மெஸ்ஸில் பரிமாறிக்கொண்டிருந்தவன். மெஸ் மூடியதும் பஸ் ஸ்டாண்டில் நின்று வெளியூர்க்காரர்களுக்கு ரூம் பிடித்துத் தருகிற தொழிலுக்குப் போய்விட்டான். ஐப்பசியில் ஒருநாள் வந்து, வாசற்படியிலேயே நின்றுகொண்டு பேச்சை ஆரம்பித்தான்.

"அக்கா, அந்த முன் ரூமைக் குடுங்க. ஜன்னல்லேருந்து தீபம் தெரியற ரூம்னா கொஞ்சம் ஜாஸ்தியாவே கேக்கலாம். தாம்பரத்துப் புகழேந்தி சாரு ஞாபகம் இருக்குதா? வருஷா வருஷம் தீபத்துக்கு வந்து நம்ம மெஸ்லதானே சாப்டுவாரு. அவர்தான் கேக்கறாரு."

"எங்க வீட்டுக்காரரை எங்கடா படுக்க வெக்கறது?"

"பின்னாடி ரூம்ல போட்டுக்கலாம். ரெண்டு நாள்தானேக்கா."

ஜோதியம்மாள் சரி என்றாள். அவன் போகவில்லை. தலையைச் சொறிந்தான்.

"இன்னொண்ணு. மெஸ்ஸை மூடினதை மட்டும்தான் சொன்னேன், நம்ம சாரு படுத்துக்கினு இருக்கறதை நான் அவங்களாண்ட சொல்லல. சீக்காளி வீடுன்னா வேற எடம் பாத்துக்குவாங்க. பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கார்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்களும் அதையே சொல்லிடுங்க."

அவளுக்கு அது பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. வாடகைக்கு விடுகிறவர்கள் தண்ணீர் எப்போதும் வரும் என்கிறார்கள், கொசு இல்லை என்கிறார்கள். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, அவள் ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது சகாதேவன் ஜன்னலைப் பார்த்தபடி, வாயை ஒருபுறமாக இழுத்து இழுத்துச் சொன்னார்.

"ஜோதி, இந்த வருஷம் எனக்கு வேலை கெடயாது. தீபம் ஏத்தறதைப் பாக்கலாம்."

அவளுக்குக் கை நின்றுவிட்டது. அவர் சொன்னது வேடிக்கை போல இருந்தாலும் வேடிக்கையில்லை. ஊரே அன்று காலையிலிருந்து விரதம் இருக்கும். மாலை ஆறு மணிக்கு மலை உச்சிக் கொப்பரையில் தீபம் ஏற்றியதைப் பார்த்த பிறகுதான் சாப்பிடும். பார்த்த கையோடு ஜனம் திமுதிமுவென்று மெஸ்ஸுக்குள் நுழையும். ஆகவே அந்த ஆறு மணிக்கு மெஸ்காரன் எங்கே இருப்பான்? உலைக்கு முன்னால்தான் இருப்பான். கொப்பரை பதினோரு நாள் எரியும் என்பதால், கடை சாத்தும்போது எரிகிற தீபத்தை அவர் பார்த்திருக்கிறார். ஏற்றுகிற அந்த நிமிஷத்தை மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. எங்கெங்கிருந்தோ ரயிலேறி வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு வந்து, அவர் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அவருக்கு அதை வர்ணிப்பார்கள். அவரும் தலையாட்டிக்கொண்டே மோர் ஊற்றுவார். அவர் பெண்டாட்டி மட்டும் என்ன, பின்கட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருப்பாள். அவளும் பார்த்ததில்லை.

ரூமைக் கொடுத்துவிட்டதை அப்போதுதான் சொன்னாள். சகாதேவன் நல்ல பக்கத்து உதட்டால் சிரித்தார்.

"கஸ்டமர் வந்தா எடம் உட்டுத்தானே ஆவணும்."

"அப்படி உட்ருவேனா? ஜன்னல் இருந்தாலும், ஆறு மணிக்கு அவங்கல்லாம் நல்லா பாக்கணும்னு மொட்டை மாடிக்குப் போயிடுவாங்க. ரூம் காலியாத்தான் இருக்கும். வளவனைக் கூப்ட்டு உங்களை ஜன்னலாண்ட கொண்டாந்து உக்கார வெச்சிடறேன். ஏத்தினதும் திரும்பப் போயிடலாம். இன்னா சொல்றீங்க?"

"மறந்துடாதே."

"மறப்பேனா?" என்றாள். அதற்குப் பின் ஒவ்வொரு நாளும் அவர் வானத்தைப் பார்த்து மேகம் கம்மியா, ஜாஸ்தியா என்று கேட்டார். ஒரு குழந்தை திருவிழாவை எதிர்பார்ப்பது போல எதிர்பார்த்தார்.

தீபத்தன்று காலையில் புகழேந்தி வந்தார். கூடவே மனைவி வேதாவும் இரண்டு பெரிய பிள்ளைகளும். ஜோதியம்மாள் படியின் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கைப்பிடியைப் பற்றி ஒரு படி ஏறினார், நின்றார், மூச்சு வாங்கினார், அடுத்த படிக்குக் காலைத் தூக்கினார்.

"முட்டி ஆபரேஷன்மா," என்றாள் வேதா. "இந்தக் கூட்டத்துல எங்க நிக்கறது? அதுக்குத்தான் ஜன்னல் வெச்ச ரூமா பாத்து கேட்டோம்."

மொட்டை மாடிக்குப் போவது இரும்பு வளைவுப் படி. இந்த மனிதர் அதில் ஏறப்போவதில்லை. ஆறு மணிக்கு அந்த ரூம் காலியாக இருக்கப்போவதில்லை என்பது ஜோதியம்மாளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அதைச் சகாதேவனிடம் அவள் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

புகழேந்தி நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே, "சார் எங்கம்மா?" என்பதுதான்.

"பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காருங்க."

"அடடா. தீபத்தன்னைக்கா போவாரு? நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காருங்க."

இரண்டு அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவள் பின்னறைக்குப் போனபோது சகாதேவன் அண்டாக்களுக்கு நடுவில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இருமல் வந்தது. இடது கையால் துண்டை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். முகம் கறுத்துச் சிவந்து, உடம்பு குலுங்கி, சத்தமில்லாமலே அந்த இருமல் அடங்கிற்று. யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தன் மெஸ்ஸுக்கு வந்த கஸ்டமர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று அவரே செய்தார். ஜோதியம்மாள் அப்போதே புகழேந்தியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த ஆள் கெட்டவரா? பார்த்தாலே தெரிகிறது, இல்லை. ஆனால் நல்லா இருக்கார் என்று சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லையே, எந்த முகத்தோடு போய், இல்லை, பக்கத்து ரூமில் படுத்திருக்கார் என்பது? எச்சிலை விழுங்குவது போல அந்த வார்த்தைகளை விழுங்கினாள்.

மத்தியானம் காபி கொடுக்கப் போனபோது வாய் வரைக்கும் வந்தது. வேதா அதற்குள், "வீடு எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

ஐந்தரை மணிக்கு வளவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மாடிக்கு வந்தான். "தூக்கலாமாக்கா?" என்று கண்ணால் கேட்டான். வேண்டாம் என்று அவள் கையை ஆட்டினாள். அவன் புரியாமல் நின்றுவிட்டுக் கீழே போனான். பின்னறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. சகாதேவன் சவரம் செய்த முகத்தோடு, விபூதி பூசி, வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவள்தான் காலையில் அவரைத் தயார் செய்திருந்தாள்.

"டைம் ஆச்சா?" என்றார்.

"இதோ," என்றாள் அவள். "தோ வந்துட்டேங்க."

இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் முன்னறைக்குப் போனாள். அதில் சந்தேகமில்லை. வெட்கமாவது மானமாவது, இருங்க, என் வீட்டுக்காரர் பின்னாடி படுத்திருக்கார், அவருக்கும் இந்த ஜன்னலில் கொஞ்சம் இடம் கொடுங்க என்று கேட்டுவிடுவது. வாக்கியத்தைக்கூட மனசுக்குள் கூட்டி வைத்திருந்தாள். புகழேந்தி ஜன்னலோரம் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தெருவில் விளக்குகளை அணைத்துவிட்டிருந்தார்கள். எல்லா மாடிகளிலும் தலைகள். அவ்வளவு ஜனம் இருந்தும் ஒரு சத்தமில்லை.

அவளைப் பார்த்ததும் புகழேந்தி நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

"வாங்கம்மா, வாங்க. எங்களுக்கு சோறு போட்டு போட்டே நீங்க பாத்திருக்க மாட்டீங்க. இப்படி வந்து நில்லுங்க. இன்னும் ஒருத்தர் தாராளமா நிக்கலாம்."

"சார், ஒண்ணு சொல்லணும்," என்றாள் ஜோதியம்மாள். ஜன்னல் பக்கம் வந்தாள். சொல்வதற்காக வாயைத் திறந்தாள்.

மலை உச்சியில் இருட்டுக்குள் ஒரு பொறி தெரிந்தது. அது நடுங்கிற்று, சாய்ந்தது, அணைந்துவிடுமோ என்றிருந்தது. பிறகு ஒரே மூச்சில் நிமிர்ந்து எழுந்தது. கோயிலில் அதிர்வேட்டு வெடித்தது. தெரு முழுவதும், ஊர் முழுவதும் ஒரு குரலாக எழுந்தது. ஜோதியம்மாளின் திறந்த வாயிலிருந்து, அடிவயிற்றிலிருந்து, அவள் அறியாமலே "அரோகரா!" என்று வந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" இரண்டாம் தடவையும் கத்தினாள். கை தலைக்கு மேல் போயிருந்தது. கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமலா செத்துப்போக இருந்தோம் என்றுதான் தோன்றிற்று. சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன்? அந்த நேரத்தில் அவளுக்குப் புருஷன் ஞாபகம் இல்லை.

ஞாபகம் வந்தபோது வேதா அவள் தோளைத் தொட்டு, "ஏதோ சொல்லணும்னீங்களே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. சாப்பாடு ரெடின்னு சொல்ல வந்தேன்."

பின்னறையில் சகாதேவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைக்க அவள் ஆசைப்பட்டாள். அப்படியே நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை அவர்கள் கிளம்பினார்கள். புகழேந்தி ஒவ்வொரு படியாக இறங்கிவிட்டு, கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"சாராண்ட சொல்லுங்கம்மா. அவர் இல்லாம ஒரு மாதிரியா இருந்துச்சு. அடுத்த வருஷம் அவரையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கினுதான் பாக்கணும்."

"சொல்றேங்க," என்றாள்.

அன்று சாயங்காலம் அவளும் வளவனும் சகாதேவனை முன்னறைக்குத் தூக்கி வந்தார்கள். கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போட்டு, தலைக்கு இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தினார்கள். வானம் துடைத்தது போல இருந்தது. உச்சியில் தீபம் நன்றாக எரிந்தது. வளவன் கும்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனான்.

"பாருங்க. எவ்ளோ பளிச்சுனு தெரியுது."

சகாதேவன் விட்டத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"அந்த மனுஷனால மேல ஏற முடியலீங்க. நான் இன்னா செய்யறது? அடுத்த வருஷம் யாருக்கும் ரூம் குடுக்க மாட்டேன், சத்தியமா. நேத்து நானும்தான் பாக்கல. அடுப்புல எண்ணெ காஞ்சிக்கினு இருந்துச்சு."

எதற்காக அந்தக் கடைசிப் பொய்யைச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவர் ஒருவர் மட்டும் ஏமாந்தார் என்று இருக்க வேண்டாமே என்று நினைத்திருப்பாள்.

சகாதேவன் மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். பேச்சைத் திரட்டிக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது.

"எல்லாரும் அரோகரான்னாங்க. அதுல உன் குரல் தனியா கேட்டுச்சு."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் எப்படியோ தாங்கியிருப்பாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்களிடம் கேட்பாரே, அதே ஆவலோடு கேட்டார்.

"நல்லா இருந்துச்சா, ஜோதி?"

"இருந்துச்சுங்க," என்றாள் அவள்.