கௌதமன் சார் சர்வீஸ் செய்து கொடுத்த செட்டு

கௌதமன் சாரிடம் ரேடியோவைக் கொடுத்தது என் புத்தி. அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. திருச்செங்கோட்டுப் பக்கம் இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், வீட்டிலிருந்தே ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிற எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்தின் செயலாளர், பெயருக்குப் பின்னால் ஒரு முழத்துக்குப் படிப்பு. இவருக்குத் தெரியாததா என்று நினைத்துவிட்டேன்.

என்னுடையது முப்பது வருஷத்துப் பழைய ஜப்பான் செட்டு. டியூனிங் குமிழைத் திருப்பும்போது எப்போதாவது திரையில் அலைவரிசை ஓர் எண் தாவும். அவ்வளவுதான் கோளாறு. சார் பத்து நாள் லேபில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு வலப்பக்கம் திருப்பினால் நாலு எண் ஏறும், உடனே ஆறு எண் இறங்கும்.

"வயசான செட்டுங்க அக்கா. இனி ஆவாதுங்க. ஞாயித்துக்கிழம நெட்ட நானே பாத்துக்கறேன், நீங்க சிரமப்படாதீங்க" என்றார்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆத்தூரிலிருந்து கரூர் வரை எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவோம். அதைத்தான் நெட் என்போம். ஒருவர் கண்ட்ரோலராக இருந்து வரிசையாகக் கூப்பிட வேண்டும். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் என் முறை வந்திருக்கிறது. விட்டால் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும். பட்டியலோ சாரின் சட்டைப் பையில். கோழிப்பண்ணை நடத்துகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் சொன்னதாக எங்கள் ஊர் எருமப்பட்டி வரைக்கும் செய்தி வந்தது.

ஆளுக்கு ஒரு நிமிஷம்தான் பேச வேண்டும் என்ற விதியும் அவர் போட்டதுதான். போன மாதம் நான் ஆன்டெனா பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மைக் பட்டனை அழுத்தியிருக்கும் வரை யாரும் குறுக்கே பேச முடியாது. மூச்சு வாங்க நான் அதை விட்ட நேரம் பார்த்து, "நிமிஷம் முடிஞ்சுதுங்க அக்கா, அடுத்தவங்க வாங்க" என்று வெட்டிவிட்டார். அவர் மட்டும் காலையில் தின்ற தோசைக்கே நாலு நிமிஷம் எடுத்துக்கொள்வார்.

சனிக்கிழமை மத்தியானம் முட்டை லாரி போனதும் செட்டைப் பிரித்தேன். என் வீட்டுக்காரர் வேலுமணி வந்து நின்றார்.

"அந்த வாத்தியாரே ஆவாதுன்னு சொல்லிப்போட்டாரு. நீ என்னத்தப் பண்ணப்போற?"

"அவரு ஆவாதுன்னதுனாலதானுங்க பிரிக்கறேன்."

குமிழைக் கழற்றி முன்பலகையைச் சாய்த்தால் பின்னால் ஒரு சின்ன டப்பி. அதற்குள் மெல்லிய கண்ணாடி போன்ற ஒரு வட்டத் தட்டு, அதில் தலைமுடியைவிடச் சன்னமான கோடுகள். ஒரு பக்கம் சின்ன விளக்கு, எதிர்ப்பக்கம் இரண்டு கண்கள். தட்டு சுற்றும்போது கோடுகள் வெளிச்சத்தை மறைத்து மறைத்துப் போக, கண்கள் எண்ணிக்கொள்ளும். ஒரு கண் மங்கினால் சுற்றுவது வலமா இடமா என்று அதற்குத் தெரியாது. இதெல்லாம் செட்டோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தையும் சேர்த்துத்தான் சாரிடம் கொடுத்திருந்தேன்.

டப்பியைத் திறந்ததும் வாடை அடித்தது. துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரே. மகராசன், வெளிச்சம் போகிற இடத்தில் எண்ணெயை அடித்திருக்கிறார்! முதலில் எண் தாவியது எங்கள் தீவனத் தூசியால் இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தூசியை எண்ணெயில் குழைத்துப் பூசிக் கொடுத்தது சாரின் படிப்பு.

கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலை பார்த்தவள் நான். முட்டையை விளக்குக்கு நேரே பிடித்து எதில் கரு இருக்கிறது, எது வீண் என்று பார்த்து ஒதுக்குவதுதான் வேலை. ஜன்னலைச் சாத்திவிட்டு, முட்டை பார்க்கிற டார்ச்சுக்கு நேரே தட்டைப் பிடித்தேன். பாதி தெளிவு, பாதி கலங்கல்.

"கூமுட்டை" என்றேன்.

"யாரச் சொல்ற?" என்றார் வேலுமணி.

கோழிக்கு ஊசி போட வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பாகத் துடைத்தேன். தட்டு வளைந்தால் செட்டு போச்சு, என் ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. என்னத்தப் பண்ணப்போற என்று கேட்ட வீட்டுக்காரர்தான் மூச்சை அடக்கிக்கொண்டு டார்ச் பிடித்தார். மூன்று தடவை துடைத்து, மூன்று தடவை வெளிச்சத்தில் பார்த்தேன். கடைசியில் ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரிந்தது. மாட்டித் திருப்பினேன். எண் ஏறியது. இறங்கு என்றால் இறங்கியது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறு ஏழு மணிக்குச் சாருக்கு முந்தி நானே நெட்டைத் தொடங்கினேன், பதினெட்டுப் பேர் வந்தார்கள். அலைவரிசை இம்மி நகரவில்லை. பத்தாவதாகக் கௌதமன் சாரைக் கூப்பிட்டேன்.

"செட்டு ஜோரா இருக்குதுங்க அக்கா. நான் அடிச்ச ஸ்ப்ரே ஊறறதுக்குக் கொஞ்ச நாளாகுமுங்க. இப்பத்தான் வேலையக் காட்டுது" என்றார், அத்தனை பேருக்கும் கேட்கும்படி. பிறகு பழைய செட்டுகளை எப்படிக் கையாள வேண்டும் என்று பாடம் தொடங்கினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க அவர் பட்டனை விட்டார். நான் என் பட்டனை அழுத்தினேன்.

"உங்க ஸ்ப்ரேயப் பஞ்சுல தொடச்சு எடுத்து வெச்சிருக்கறனுங்க சார். இந்தப் பக்கம் வந்தா வாங்கிட்டுப் போங்க. நிமிஷம் முடிஞ்சுதுங்க, அடுத்தவங்க வாங்க."

சார் மறுபடி கூப்பிட்டார். நான் ஆத்தூரைக் கூப்பிட்டேன்.