ஆறு மணிக்கு இறங்கினால் இரண்டு மணி

நேரத்தைக் குறித்து வைக்கும் மென்பொருள் வந்த மூன்றாம் நாள், எழுத்துக்காரி ஆறு மணிக்கு அலுவலகப் படி இறங்கித் தெருவுக்கு வந்தபோது, தெருவில் மணி இரண்டாக இருந்தது. கூடவே பேசிக்கொண்டு இறங்கியவர்கள் வாசலைத் தாண்டி மாலைக்குள் போனார்கள்; அவள் மட்டும் சுள்ளென்ற வெயிலுக்குள் போனாள். காவலாளி தன் நோட்டில் அவள் இரண்டு மணிக்கு ஒரு தடவையும் ஆறு மணிக்கு ஒரு தடவையும் வெளியே போனதாக எழுதினார். உள்ளே வந்தது ஒரே தடவைதான் என்பது அவரை ஒரு வாரம் உறுத்தியது. பிறகு, நமக்கு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார்.

கணினிக்கு எழுத்துரு செய்யும் அலுவலகம் அது. எழுத்தை வரைவது பாதி வேலை. ஒவ்வோர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே எவ்வளவு வெள்ளை விடுவது என்று ஜோடி ஜோடியாகப் பார்ப்பதுதான் உயிரை வாங்கும் மீதி. அதற்கு இடைவெளி என்று பெயர். எழுத்துக்காரிக்குத் தினமும் நான்கு மணி நேரம் அதிலேயே போனது. புது மென்பொருளில், எந்த வேலைக்கு உட்கார்ந்தாலும் அதற்குரிய பட்டனை அமுக்க வேண்டும். அவள் இடைவெளி பார்க்க உட்காரும்போதெல்லாம் ‘இடைவேளை’ என்ற பட்டனை அமுக்கினாள். இருபது வருடம் எழுத்தை உற்றுப் பார்த்தவர்களுக்கு எழுத்தை வாசிக்கும் பழக்கம் போய்விடுகிறது. பட்டனைப் பார்த்தபோது, வே-யும் ளை-யும் இப்படி இடித்துக்கொண்டு நிற்கின்றனவே, எந்த அரைகுறை செய்த வேலை இது என்று மட்டும்தான் அவளுக்குத் தோன்றியது. மென்பொருளோ சொன்னதை அப்படியே நம்பும் ரகம். நான்கு மணி நேரம் ஓய்வு என்று பதிவானால் நான்கு மணி நேரம் ஓய்வு இருந்தாக வேண்டும். அதை ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது. மேலாளர் அறிக்கையில் கடைசி வரியை மட்டும் பார்ப்பவர். அவர் எதுவும் கேட்கவில்லை.

அவள் கணவனுக்கு நீரேற்று நிலையத்தில் இரவுப் பணி. காலையில் அவன் வருவதற்குள் அவள் கிளம்பியிருப்பாள். மாலையில் அவள் வரும்போது அவன் கிளம்பிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதிலும் அவன் தூக்கத்திலும் போய்விடும். பதினோரு வருடம் மாடிப்படியில்தான் குடும்பம் நடத்தினார்கள். இப்போது தினமும் இரண்டரை மணிக்கு அவள் வந்து கதவைத் தட்டினாள். முதல் மாதம் இருவரும் பேசத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள், பிறகு நிதானமாகச் சண்டை போடப் பழகினார்கள், அதன் பிறகு ஒருவர் காலில் ஒருவர் காலைப் போட்டுக்கொண்டு சும்மா படுத்திருந்தார்கள். ஒருநாள் மூன்றரை மணிக்கு, அவள் பக்கத்தில் படுத்திருக்கும்போதே, அவன் சந்தேகம் தீராமல் அவளுடைய அலுவலகத்துக்குப் போன் போட்டான். அவளே எடுத்தாள்.

“வேலையா இருக்கேன், அப்புறம் பேசுங்க” என்று எரிந்து விழுந்து வைத்துவிட்டாள்.

“ஆமா, கூப்பிட்டீங்க” என்றாள் கட்டிலில் இருந்தவள், கண்ணைத் திறக்காமலே. “அப்போ எனக்கு ஒரே தலைவலி.”

தெரு அவளுக்கு இருபத்துநான்கு மணி நேரம்தான் காட்டியது. உடம்பு இருபத்தெட்டு மணி நேரம் உழைத்தது. வருடத்துக்கு ஐம்பது நாள் அவளுக்குக் கூடுதலாக வயதானது. மூன்றாம் வருடம் கண்ணாடி போட்டாள், நான்காம் வருடம் முழங்கால் பிடித்துக்கொண்டது, ஐந்தாம் வருடம் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்க ஆரம்பித்தாள். அவன் அவளைவிட ஒரு வருடமும் இரண்டு மாதமும் மூத்தவன். அவள் தூங்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்து அவன் பயந்துபோனான்.

“அந்த பட்டனை மாத்தி அமுக்கு. போதும்” என்றான்.

“மாத்தினா மறுபடியும் மாடிப்படிதான்.”

“பரவாயில்ல. இப்படியே போனா நீ எனக்கு முன்னாடி கிழவியாயிடுவே. அப்புறம் எனக்கு யாரு இருக்கா?”

அவள் மாற்றினாள். பட்டியலை மேலே தள்ளியதும் கீழே ‘இடைவெளி’ என்ற சரியான பட்டன் இருந்தது. அந்த வாரம் ஆறு மணிக்கு இறங்கினால் ஆறு மணியாகவே இருந்தது. திங்கட்கிழமை மாடிப்படியில் அவன் “சாவி ஜன்னல்ல இருக்கு” என்றான். அவள் “சரி” என்றாள். செவ்வாய்க்கிழமை அவள் “குடை எடுத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டதற்கு, அவன் கீழே போய்விட்டபடியால் பதில் வரவில்லை. பகலெல்லாம் அவன் தூக்கம் பிடிக்காமல் இரண்டரை மணிக்கு எழுந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு முழங்கால் வலி குறைந்தது, வேறெதுவும் நன்றாக இல்லை. சனிக்கிழமை அவன் படியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். பணிக்கு நேரமாகிவிட்டிருந்தது.

“என்னால முடியல. பழைய பட்டனையே அமுக்கு” என்றான்.

அவளுக்கு அழுகை வந்தது. களைப்பில் அதுவும் கொஞ்சமாகத்தான் வந்தது.

அதற்கப்புறம் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. மென்பொருள் நான்கு தடவை புதுப்பிக்கப்பட்டது, பட்டன் நிறம் மாறியது, வே-யும் ளை-யும் இடித்துக்கொண்டே இருந்தன. காவலாளி ஓய்வு பெற்றார்; புதிதாக வந்தவரிடம் நோட்டைக் கொடுக்கும்போது, அந்த அம்மா இரண்டு தடவை போவாங்க, கேட்காதீங்க என்று மட்டும் சொன்னார். எழுத்துக்காரியின் தலை முழுவதும் நரைத்தது. அவன் காய்கறி நறுக்கினான், அவள் பாதத்துக்குத் தைலம் தேய்த்தான், சுவர்க் காலண்டரில் வருங்காலத் தேதி ஒன்றுக்கு வட்டம் போட்டான். அது ஒன்பதாம் வருடத்தின் ஒரு புதன்கிழமை. அன்றைக்கு அவள் அவனைவிட ஒருநாள் மூத்தவளானாள்.

இரண்டரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அவன் திறந்தான்.

“வாங்க” என்றான்.

கேலி செய்கிறானோ என்று அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இல்லை. பையை அவனிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள்.

“நீ சாப்பிட்டியா?” என்றாள்.

“இல்ல. நீங்க வரட்டும்னு இருந்தேன்.”