நாற்காலி விமானியின் நிழல்

நாற்காலியை விட்டு எழாமல் விமானம் ஓட்டியவரின் நிழல், மழை விட்ட ஒரு காலையில், இறக்கை விரித்த விமானமாகத் தரையில் விழுந்தது. அவர் ஒருகாலத்தில் போர் விமானத்தில் ஏறிப் பறந்தவர்தான். படை ஆளில்லா விமானங்களை வாங்கிக் குவித்ததும், அவரை ஏசி அறையில் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். விமானம் மலைகளுக்கு அப்பால் பறக்கும். இவர் இங்கே தொப்பை வளர்ப்பார். விழுந்தாலும் இரும்புதானே, நம் ஆள் சாகமாட்டானே என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

எதிர்வீட்டுக்காரர் முதலில் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இவர் வாசலில் நின்று செய்தித்தாள் படிக்கும் நேரம் பார்த்து, ஸ்கூட்டரை அந்த நிழலில் கொண்டுவந்து நிறுத்தினார். துணி காயவில்லை என்று முணுமுணுத்ததோடு இவருடைய மனைவியும் விட்டுவிட்டாள். மகள்தான் பழகவில்லை. தெருமுனையில் அவருக்கு முன்னால் நிழல் திரும்பியதுமே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். "நான்தாம்மா, அப்பா. வெளிய வா" என்று குனிந்து கெஞ்சுவார். வரமாட்டாள். பெற்ற பிள்ளை தன்னைக் கண்டு நடுங்கினால் ஒரு மனுஷனுக்குச் சாப்பாடு இறங்குமா? இறங்கவில்லை. ஆனாலும் தொப்பை மட்டும் குறையவில்லை.

அவருடைய சொந்த நிழல் எங்கே போனது என்பது திரையில் தெரிந்தது. கண்காணிக்கச் சொன்ன ஒரு வீட்டின் முற்றத்தில், நாற்காலியில் உட்கார்ந்த மனிதனாக அது விழுந்துகிடந்தது. விமானம் வட்டமடித்தாலும் அது நகரவில்லை. முதலில் ஓடி ஒளிந்த அந்த வீட்டுச் சிறுமி, நாளடைவில் அதன் மடியில் உட்கார்ந்து கூழாங்கல் அடுக்கினாள். இவர் சாப்பாட்டு நேரத்திலும் திரையை விட்டு எழாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டைத் தகர்க்க உத்தரவு வந்தது. சுடுவதற்கு முன் மேலதிகாரி ஒரு கேள்வி கேட்டாகவேண்டும். அது அந்த அறையின் வழக்கம். கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார்.

"நம்ம ஆளு யாராச்சும் அங்க இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

"யாருய்யா அது?"

"நான்தான்."

அதிகாரி திரையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். சந்தேகத்துக்கு இடமில்லை, அதே தொப்பை. நம் ஆள் இருக்கும் இடத்தில் சுடக்கூடாது என்பது விதி. "இது என்னய்யா புதுத் தலைவலி" என்று உத்தரவை ரத்துசெய்தார். வேறொருவரை உட்காரவைத்தால், அவர் நிழலும் போய் அங்கே உட்கார்ந்துகொண்டது. கடைசியில் அந்தப் பிரிவு குண்டுகளைக் கழற்றிவைத்துவிட்டு வேவு மட்டும் பார்க்கத் தொடங்கியது.

உத்தரவு ரத்தான அன்றைய சாயங்காலத்தையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தவர் உள்ளே போகத் தெம்பில்லாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நிழலும் பக்கத்தில் இறங்கி நின்றது. மகள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இது குண்டு போடுமா?"

"போடாதும்மா. நான் போடமாட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா."

அவள் வெளியே வந்தாள். கால் கட்டைவிரலால் இறக்கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதன்மேல் ஏறி உட்கார்ந்தவள், அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை இறங்கவேயில்லை.