படுக்கப் போட்ட கதவு

கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. அந்தக் கடைசியில் இருக்கிறவர்களும் நகர்ந்து வாருங்கள், பாயில் இடம் இருக்கிறது. ஒரு கதவின் கதை சொல்கிறேன். கதவுக்கு என்ன கதை என்று கேட்காதீர்கள். தான் பெற்ற மகளின் வீட்டுக்குள்ளேயே ஒரு மனுஷனைப் போகவிடாமல் மறித்த கதவு அது.

எங்கள் தெரு வீரையனின் மகள் ராஜாத்தி மாட்டு டாக்டருக்குப் படித்தவள். ஒரத்தநாட்டில் வேலை கிடைத்து, அங்கேயே மனை வாங்கி வீடும் கட்டினாள். நாள் முழுக்க மாட்டுக்கு ஊசி போட்டுவிட்டு வருகிறவளுக்குப் பழைய சாமான் என்றால் உயிர். தஞ்சாவூரில் அஹமது கபீர் என்று ஒருவர், இடிக்கிற வீடுகளிலிருந்து தூண், கதவு, பித்தளை, பீங்கான் எல்லாம் வாங்கி விற்பவர். ஞாயிற்றுக்கிழமையானால் இவள் அவருடைய கொட்டகையில்தான் நிற்பாள். வெண்கல உருளியில் தண்ணீர் ஊற்றி அரளிப்பூவை மிதக்கவிட்டாள். பூப்போட்ட பீங்கான் ஜாடியைச் சன்னலோரம் வைத்தாள். எந்தக் காலத்திலோ நின்றுபோன சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கூடத்தில் மாட்டினாள்.

“ஓடாத கடியாரத்த எதுக்குடி மாட்டி வச்சிருக்க?” என்றாள் அவள் அம்மா தங்கம்மாள்.

“பார்க்க அழகா இருக்குல்லம்மா.”

“உங்கப்பாவும்தான் இப்பல்லாம் ஓடறதில்ல. பக்கத்துல ஒரு ஆணி அடிச்சு அவரையும் மாட்டிடு.”

வீடு குடிபோக நாள் குறித்த பிறகு, கபீரிடமிருந்து ஆள் வந்தது. எங்கள் ஊர்ப் பண்ணை வீட்டை இடிக்கிறார்களாம். பண்ணையாரின் பிள்ளைகள் சென்னையோடு போய்விட்டார்கள். வாசல் கதவு கொட்டகைக்கு வந்திருக்கிறதாம்.

அந்தக் கதவை அறியாதவர் எங்கள் தெருவில் கிடையாது. தேக்கில் இரட்டைக் கதவு. தாமரையும் கொடியும் செதுக்கி, வரிசையாகப் பித்தளைக் குமிழ் அடித்தது. கழக ஆட்சி வந்த புதிதில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் அறுவடையை நிறுத்தினார்கள். பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து வயலில் இறக்கியது. நியாயம் கேட்க வீரையன் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அந்த வாசலுக்குப் போனான். பொழுது சாயும்வரை நின்றார்கள். கதவு திறக்கவில்லை, போலீஸ் வேன்தான் வந்தது. செயிலிலிருந்து திரும்பியவன், “நாங்க எங்க பண்ணகிட்ட பேசினோம், கதவுகிட்ட பேசிட்டு வந்தோம்” என்று சொல்லிச் சிரிப்பான். பின்னால் கூலியும் ஏறியது, குடியிருந்த மனைக்குப் பட்டாவும் வந்தது. அதெல்லாம் சும்மா வந்ததா?

அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவள் ராஜாத்தி. அப்பா நின்ற கதவை அப்பாவுக்கே திறந்துவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. யாரிடமும் மூச்சுவிடாமல் வாங்கிவந்து, தச்சர் கோவிந்தராசுவை வைத்துத் தன் வீட்டு வாசலில் மாட்டினாள். எண்ணெய் போட்டுத் துடைத்ததில் குமிழெல்லாம் பொன்னாய் மின்னியது.

குடிபோவதற்கு முதல் நாள் காலையில் வீரையனும் தங்கம்மாளும் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். சமையலுக்குக் கைகொடுக்க நாங்கள் நாலைந்து பொம்பளைகளும் கூடப் போயிருந்தோம். ராஜாத்தி கதவைச் சாத்திவிட்டு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீரையன் நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் அது நடந்தது. அவன் கை தானாக மேலே போனது. தோளில் கிடந்த துண்டு இறங்கி அக்குளுக்குள் போய்விட்டது, முதுகும் வளைந்தது. பண்ணை வாசலில் எங்கள் ஆண்கள் நின்ற விதம் அது. துண்டைத் தோளில் போடு என்று ஊர் ஊராகக் கத்தியவனே வீரையன்தான்.

தான் செய்ததை அவனே பார்த்தான். திரும்பி நடந்து, எதிர்ச் சாரியில் இருந்த புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தான்.

ராஜாத்தி பின்னாலேயே ஓடினாள். “அப்பா, உனக்காகத்தாம்பா வாங்கினேன்.”

“தெரியுது பாப்பா.”

“இனிமே அது நம்ம கதவுப்பா. நீ திறக்கலாம், சாத்தலாம்.”

“துண்ட நான் எடுக்கல, பாப்பா. அதுவா எறங்கிடுச்சு.” தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “இத்தன வருசம் கழிச்சும் இந்தக் கையி அவங்க கையாத்தான் இருக்கு. அப்புறம் நான் எதுக்குச் செயிலுக்குப் போனேன்?”

“நாளைக்கு நீயும் அம்மாவும்தான் பால் குடத்தோட முதல்ல நுழையணும்பா.”

“முன்வாசல்ல என்னால முடியல. கொல்லவாசல் வழியா வரமாட்டேன். நீங்க பால் காச்சுங்க, நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்.”

பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தான் விற்ற சாமான் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கபீரும் அந்நேரம் வந்து சேர்ந்தார்.

“பாய், கதவைத் திருப்பி எடுத்துக்குங்க” என்றாள் ராஜாத்தி.

“எடுத்துக்கறேன், டாக்டரம்மா. ஆனா இன்னிக்கு வண்டி இல்லியே. மரம் என்னம்மா பண்ணும், பாவம்?”

அதற்குள் சந்தையிலிருந்து காய் மூட்டைகள் வந்து இறங்கின. கொட்டிவைக்க இடமில்லை. கொல்லையெல்லாம் சிமெண்டுத் தூசி. தங்கம்மாள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

“அழுதுகிட்டு நின்னா ஆச்சா? இந்தாங்க கோவிந்தராசு, அந்தக் கதவக் கழட்டிக் கூடத்துல படுக்கப் போடுங்க. பூசணிக்கா நறுக்கணும்.”

தச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பண்ண வீட்டுக் கதவுலயா?”

“எங்க தெருவுல கல்யாணம்னா கதவக் கழட்டித்தான் காயக் கொட்டுவோம். பண்ணக் கதவுன்னா காய் உக்காராதாக்கும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீடுகளில் வேறு பலகை ஏது? விசேஷம் என்றால் முதலில் கதவுதான் கீழே இறங்கும். கோவிந்தராசும் கபீரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இரண்டு கதவையும் கழற்றினார்கள். பூவேலை கெடக்கூடாதென்று கோணியை விரித்து அதன்மேல் கவிழ்த்துப் போட்டார்கள். நாங்கள் அரிவாள்மனையோடு சுற்றி உட்கார்ந்தோம். பூசணியும் கத்தரியும் வாழைக்காயும் அதன்மேல் குவிந்தன.

வாசலில் கதவில்லை. புளியமரத்தடியிலிருந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தெரிந்தது. வீரையன் எழுந்து நின்றான். ரோட்டைத் தாண்டினான். நிலையருகே வந்ததும் நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. உள்ளே வந்துவிட்டான்.

வந்தவன் கதவைப் பார்த்துக் குனிந்தான். “இதுதான் உள்பக்கமா?”

“ஆமாண்ணே” என்றார் கபீர்.

அந்தப் பக்கத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை. பார்த்திருக்க வழியும் இல்லை. தாமரை இல்லை, கொடி இல்லை. வெறும் பலகை, மூன்று குறுக்குச் சட்டம், வளைத்து அடித்த ஆணி முனைகள். கை பட்டுப் பட்டுக் கறுத்த தாழ்ப்பாள் ஒன்று.

“உள்ள ஒண்ணுமே இல்லியே, தங்கம்மா!”

“பின்ன? பூவேலையெல்லாம் வெளிய நிக்கிற உங்களுக்குக் காட்டறதுக்குத்தான். உக்காந்து கத்தரிக்காயக் காம்பு கிள்ளுங்க.”

வீரையன் சிரித்தான் பாருங்கள், அந்தப் பழைய சிரிப்பு. சிரித்துக்கொண்டே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முதல் கத்தரிக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளி, அந்தப் பலகைமேல் டக்கென்று போட்டான். ராஜாத்தி அவன் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

“பாய்கிட்ட குடுத்துடவாப்பா?”

“எதுக்கு? நாலு கால் வச்சு இப்படியே படுக்கப் போடு. படுத்துக் கெடக்கிற கதவ எவன் சாத்துவான்?”

“பூவேலை மேல வரட்டுமா?”

“கீழயே இருக்கட்டும். குனிஞ்சு பாக்கறவன் பாத்துக்கட்டும்.”

மறுநாள் கதவில்லாத வாசலில் மாவிலை கட்டினார்கள். வீரையனும் தங்கம்மாளும் பால் குடத்தோடு முதலில் நுழைந்தார்கள். அடுத்த வாரம் கோவிந்தராசு அந்த வாசலுக்கு ஒரு சாதா வேப்பமரக் கதவு செய்து மாட்டினார். பண்ணைக் கதவு இன்றைக்கும் ராஜாத்தி வீட்டுச் சாப்பாட்டு மேசை. நானும் அதில் சாப்பிட்டிருக்கிறேன். குழம்பு சிந்தினால் யாரும் திட்டுவதில்லை.

என் கண்ணுகளா, நேரமாகிறது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் நெல்லும் பாலும் நிறையட்டும். உங்கள் பெண்டு பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் இருக்கட்டும். பசியோடு வருகிறவர்கள் உங்கள் வீட்டில் உட்கார்ந்து, வயிறார உண்டு, வாழ்த்திவிட்டுப் போகட்டும்.