ஹெல்லிவெல்லுக்கும் ஹிர்ஸ்டுக்கும் நடுவில்

மார்ச் 12, வியாழன், காலை. ஒரு சிறிய தவறு. அன்னையர் ஞாயிறு பற்றிய தபால் வேண்டாம் என்று சொன்ன நாற்பத்தொரு பேரை, மார்ச் மாதத் தபால் அத்தனையிலிருந்தும் நீக்கியிருக்கிறேன். கம்ப்யூட்டரில் கீழே இருந்த சின்னக் கட்டத்தில் டிக் போடுவதற்குப் பதிலாக மேலே இருந்த பெரிய கட்டத்தில் போட்டுவிட்டேன்.

நோட்டில் எழுதி முடித்ததும் 'சிறிய' என்ற சொல்லை மார்னி திரும்பப் பார்த்தாள். சரியான சொல்தானா என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை அவள் போகும் நாட்குறிப்பு எழுதும் வகுப்பில் தவறை அளந்து எழுதச் சொல்லியிருந்தார்கள். எதைக் கொண்டு அளப்பது என்று யாரும் சொல்லவில்லை. பத்தே கால் மணிக்கு அந்த அளவுகோல், நனைந்த மழைக்கோட்டு போட்ட ஒரு பெண்மணியாக உள்ளே வந்து நின்றது.

"மார்னிங்கறது யாரு?"

"நான்தான். உக்காருங்க. டீ போடட்டுமா?"

"உன் டீயைக் குடிக்கவா ரெண்டு பஸ் மாறி வந்தேன்? சீட்டு எங்க? எனக்கு ஏன் சீட்டு வரல?"

வந்தவர் தன் பெயரைச் சொன்னார். டோரீன் ஹெப்வர்த்தை மார்னிக்குப் பெயரளவில் தெரியும். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரின் ஓரத்தில், மார்னி வேலை பார்க்கும் அந்த இல்லத்துக்கு, குணமாகாத நோயாளிகள் கடைசி வாரங்களைக் கழிக்க வருவார்கள். டோரீனின் மகள் லிண்ட்சி ஆறு ஆண்டுகளுக்கு முன் அங்கே நான்காம் அறையில் இறந்துபோனாள். ஆண்டுதோறும் அன்னையர் தினமான அன்னையர் ஞாயிறு அன்று, இந்த முறை வரும் ஞாயிறு, மூன்று மணிக்குத் தோட்டத்தில் கூடி, இறந்தவர்களின் பெயர்களைக் குடும்பப்பெயர் வரிசையில் வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கொத்து மஞ்சள் டாஃபடில் பூவை வேலிக் கம்பியில் கட்டுவார்கள். குடும்பத்தார் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் பெயர் பட்டியலில் சேரும். அந்தச் சீட்டு போவது மார்ச் மாதத் தபாலில்.

பிப்ரவரியில் இல்லத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. இந்த நாள் உங்களுக்குக் கடினமாக இருக்கலாம், வாழ்த்து அட்டையும் பூங்கொத்தும் வாங்கச் சொல்லி நாங்கள் எழுத வேண்டாம் என்றால் இங்கே அழுத்துங்கள் என்று அதில் இருந்தது. டோரீனும் அழுத்தியிருந்தார்.

"கார்டு விக்காதீங்கன்னுதானே சொன்னேன்? என் பொண்ண எடுத்துடுங்கன்னா சொன்னேன்?"

உள்ளறையிலிருந்து கிளைவ் பிக்கர்ஸ் வந்தார். நன்கொடைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். பிப்ரவரி மின்னஞ்சலும் அவருடையதுதான். நாசூக்காக இருந்தது என்று நாலு பேர் பாராட்டியிருந்தார்கள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு, டோரீன். கம்ப்யூட்டர்ல ஒரு சின்னக் கோளாறு..."

"மிசஸ் ஹெப்வர்த்னு சொல்லு. கம்ப்யூட்டருக்கு என் பொண்ணு மேல என்ன கோபமாம்?"

"கம்ப்யூட்டர் இல்ல" என்றாள் மார்னி. "நான்தான் தப்பான கட்டத்துல டிக் போட்டேன்."

கொட்டுகிற மழையில் ஜன்னலைத் திறந்துவிட்டவளைப் பார்ப்பதுபோல் கிளைவ் அவளைப் பார்த்தார்.

"அப்போ உனக்குத்தான் என் மேல கோபமா?"

"இல்லீங்க. கவனிக்காம விட்டுட்டேன்."

"அது அதைவிட மோசம், பொண்ணே."

கிளைவ் தொண்டையைச் செருமினார். ஞாயிற்றுக்கிழமை கொடுக்கும் பெயர்ப் புத்தகம் இருநூறு பிரதி அச்சாகிவிட்டதாம். கடைசிப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, விடுபட்ட பெயர் என்று போட்டு, எல்லாப் பெயரும் முடிந்த பிறகு வாசிக்கச் சொல்லலாமாம்.

"விடுபட்டதா? மூட்டை கட்டினப்புறம் மிஞ்சின சாமான் மாதிரியா? ஆறு வருஷமா ஹெல்லிவெல் பேருக்கு அப்புறம், ஹிர்ஸ்ட் பேருக்கு முன்னாடி லிண்ட்சி வருவா. ஹெல்லிவெல்னு காதுல விழுந்ததும் கைப்பையை இறுக்கிப் பிடிச்சுக்குவேன். அடுத்து அவதான்னு தெரியும். நீங்க எங்கேயோ கொண்டுபோய் வெச்சா நான் எப்பப் பிடிச்சுக்கறது?"

"புத்தகத்தை மறுபடி அடிச்சுடலாம்" என்றாள் மார்னி. "நம்ம மிஷின்லயே. சனிக்கிழமை வந்து நானே பின் அடிச்சுடறேன். ஆனா இன்னும் நாற்பது பேர் இருக்காங்க."

"அவங்களுக்கு ஒரு மன்னிப்பு மெயில் போட்டுடுவோம்" என்றார் கிளைவ்.

"போடுப்பா. 'இந்த மன்னிப்பு வேண்டாம்னா இங்க அழுத்துங்க'ன்னு கீழ மறக்காம எழுதிடு" என்றார் டோரீன்.

"போன் பண்ணிக் கேக்கட்டுமா?" என்றாள் மார்னி.

"எழுதவே வேணாம்னு சொன்னவங்களுக்குப் போனா? புத்தி இருக்கா மார்னி?"

"அவங்க வேணாம்னது உன் வியாபாரத்தை" என்றார் டோரீன். "போன்னா திட்டறதுக்காவது ஒரு ஆள் கெடைக்கும். உன் மெயிலை யாரைப் போய்த் திட்டறது?"

கிளைவின் அனுமதிக்கு மார்னி காத்திருக்கவில்லை. பட்டியலில் முதலில் இருந்த எண்ணை அழுத்தினாள். சேத் ஆக்டன், தாயை இழந்தவர். தன் பெயரைச் சொன்னாள், தவறைச் சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவின் பெயரை வாசிக்கலாமா என்று கேட்டாள்.

"வேணாம். எங்கம்மா பேர் உங்க யார் வாய்லயும் வரக் கூடாது." இணைப்பு அறுந்தது.

டோரீன் சிரித்தார். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "நல்லா வேணும் உனக்கு."

மார்னி சேத் ஆக்டன் பெயருக்கு எதிரே 'வேண்டாம்' என்று எழுதினாள். அடுத்த எண்ணுக்குக் கையை நீட்டியபோது கிளைவ் தொலைபேசியை எடுத்துத் தள்ளி வைத்தார். இயக்குநரைக் கேட்காமல் இனி ஒரு அழைப்பும் கிடையாது என்றார்.

டோரீன் சீட்டில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் மேஜையில் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை முன் வரிசையில உக்காந்திருப்பேன். ஹெல்லிவெல்லுக்கு அப்புறம் ஹிர்ஸ்ட்னு கேட்டா, எழுந்து நானே அவ பேரைச் சொல்லுவேன். உன் பேரையும் சேர்த்துச் சொல்லுவேன்."

நன்றி சொல்லாமல், கதவைச் சாத்தாமல் போனார். மழைச்சாரல் உள்ளே அடித்தது. கிளைவ் போய்ச் சாத்தினார்.

ஐந்து மணிக்கு இயக்குநரின் பதில் வந்தது. போன் பண்ணலாம். ஆனால் இல்லத்தின் சார்பில் என்று சொல்லக் கூடாது, மார்னியின் தவறு என்றே சொல்ல வேண்டும். கிளைவ் அதை உரக்க வாசித்தார், கொஞ்சம் ருசித்து. அப்படித்தானே சொன்னேன் என்று நினைத்தாள் மார்னி, ஆனாலும் முகம் சுட்டது.

நோட்டை எடுத்து 'சிறிய' என்பதைக் கோடு போட்டு அடித்தாள். அந்த இடத்தில் வேறு சொல் எதையும் போடவில்லை. கீழே எழுதினாள்:

நாளை, வெள்ளி. ஒன்பது மணி முதல் முப்பத்தொன்பது பேருக்குப் போன். முதலில் என் பெயர், அடுத்து தவறு, பிறகு கேள்வி. திட்டினால் முடியும்வரை கேட்பது. நன்கொடை பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. மாலை நான்கு மணிக்குள் புதுப் பட்டியலைத் தட்டச்சு செய்து, 'ஹெ' வரிசையை இரண்டு தடவை சரிபார்ப்பது.