நஸீமா என்று தேடினால்

1

இந்தக் கதை ஒரு நூலகக் கணினியிலிருந்து எனக்குக் கிடைத்தது. (பொய். அந்த நூலகர் ரைஹானத் சொல்லித்தான் கிடைத்தது. "எழுதிராதீங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் சொன்னாள். எழுதாதே என்றால் எவன் கேட்கிறான்?)

அன்று தாமிரபரணியில் தண்ணீர்...

வேண்டாம். ஆற்றில் ஆரம்பித்தால் அழுகை முந்திக்கொள்ளும்.

2

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி நூலகம். அதில் புத்தகங்களின் பட்டியல் ஒரு கணினித் தளத்தில், ஆய்வேடுகள் வேறொன்றில், கட்டுரைகள் இன்னொன்றில். ஒன்றில் தேடினால் மற்றது வாயே திறக்காது. எல்லாம் ஒரே தேடலில் வரும்படி செய்வது ரைஹானத்தின் வேலை. எழுதியவர் ஒரே ஆள் என்று தெரிந்தால் பதிவுகளை இணைக்க வேண்டும்.

ஆய்வேட்டில் 'மு. நஸீமா'. பத்தமடைப் பாய் முடையும் கோரையைப் பற்றியது. கட்டுரைகளில் 'அ. நஸீமா'. அதே கோரை, அதே ஆறு. நம் பக்கம் நிக்காஹ் ஆனால் பெயருக்கு முன்னால் வாப்பாவின் எழுத்து போய் மாப்பிள்ளையின் எழுத்து வந்துவிடும். ஒரே ஆள்தான் என்று ரைஹானத் முடிவுகட்டினாள். பிறந்த வருஷத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஏனென்றால் மு. நஸீமா அவளுடைய விடுதித் தோழி. தாமிரபரணியில் போய்ச் சேரும் மணிமுத்தாற்றில் கோரை பறிக்க இறங்கியவள் கரையேறவில்லை. உடலும் கிடைக்கவில்லை. எங்கேயோ கரையேறி, கல்யாணம் கட்டி, எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று ரைஹானத்துக்கு ஒரு நப்பாசை. பாவம், இணைத்துவிட்டாள்.

பழைய பதிவில் இறந்த வருஷம் இருந்தது. அழித்தாள். சேமித்ததும் அது திரும்ப வந்து நின்றது. கூடவே அந்தப் பெயரில் ஒரு புதுக் கட்டுரையும் வந்திருந்தது.

3

போன் வந்தது.

"லாத்தா, நான் அ. நஸீமா. ராதாபுரத்துல இருந்து பேசுதேன். அந்த ஆய்வேடு என்னோடது இல்ல. என் பேரைத் தேடினா மவுத்தான வருசம் காட்டுது. எம் மவ அதைப் பாத்துட்டுச் சோறு திங்க மாட்டேங்கா. பிரிச்சு விட்டுருங்க."

ரைஹானத் திரையில் அந்தப் பதிவைத் திறந்தாள். "பிரிச்சிருதேன்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா? உங்க புதுக் கட்டுரையில, 'கரையில் என் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ரைஹானத்துக்கு நன்றி'ன்னு போட்டிருக்கே. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"



"நான் புதுசா ஒண்ணும் எழுதலையே லாத்தா."

4

செருப்புச் சங்கதியை அதற்கு முன் ரைஹானத் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும் சொல்லவில்லை. (பிறகு நான் எப்படி எழுதினேன்? முதல் வரைவில் அந்த வரி இல்லை. காலையில் பார்த்தபோது இருந்தது.)

முடிவு ஒன்று: பிரித்துவிடுகிறாள். ராதாபுரத்துப் பிள்ளை சாப்பிடுகிறது. புதுக் கட்டுரை காணாமல் போகிறது.

முடிவு இரண்டு: இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போடுகிறாள். இன்னொரு கட்டுரை வருகிறது. முதல் கட்டுரையில் களம் மணிமுத்தாறு. இதில் கல்லிடைக்குறிச்சி. அதற்கடுத்து வந்ததில் சேரன்மகாதேவி. ஆறு போகிற வழியிலேயே, பாளையங்கோட்டையைப் பார்த்துப் பைய வருகிறது.

ரைஹானத் 'பிரி' என்ற பொத்தானுக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பிள்ளை பட்டினி கிடக்கிறது. அழுத்தினால் தோழி இரண்டாம் முறை போய்விடுவாள், இந்த முறை ரைஹானத்தின் கையால். மேசைக்கடியில் அந்தச் செருப்பு இருக்கிறது. இத்தனை வருஷமும் அதை அவள் தூரப் போடவில்லை.

அழுத்துவதென்றால் நீங்களே அழுத்துங்கள். எனக்கு மனசு வரவில்லை.